இரத்தக் கொதிப்பும் சுரப்பிக் கட்டியும்

இரத்த அழுத்த மிகுதி நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் நோய்களுள் ஒன்று. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் பெண்களில் 100க்கு 21 பேரும், ஆண்களில் 100க்கு 24 பேரும் மிகுந்த இரத்த அழுத்தம் உடையவராகவோ, அதற்கு மருந்து உண்பவராகவோ இருந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என ஒன்றைச் சுட்டிக் கூற இயலாது. பரம்பரை, வயது, உணவில் மிகும் உப்பு, உடற்பருமன், புகைப் பழக்கம் எனப் பலவும் கூடி இந்நோயை விளைவிக்கின்றன. மருந்தினால் இதனை அடக்கி ஆளலாமேயன்றி வேரோடு களைய முடிவதில்லை.

ஆயினும் மிகச் சிலரிடம் இந்நோய்க்குத் திட்டமான காரணம் ஒன்று உண்டு. உடலினுள் எங்கோ ஓரிடத்தில் வளர்ந்துள்ள சிறு கட்டி ஒன்று ஹார்மோன்களை அளவின்றிச் சுரந்து, இரத்தத்தில் கலக்கவிட்டு, அழுத்தத்தை உயர்த்துகின்றது. அக்கட்டியைக் கண்டறிந்து நீக்கிவிட்டால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். கண்டறியாது விட்டால் ஒருநாள் மூளையில் இரத்தக் கசிவோ, இதயத் தாக்கோ நேர்ந்து உயிருக்கே இறுதியாகலாம். காணக்கூடிய நோய் காணப்படாமற் போவதே இங்குள்ள துன்பம்.

இதனைக் காணும் வழி நெடியதன்று. ஆனால் படி தவறாமல் செல்ல வேண்டிய வழி. மும்பை மாநகரில் தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைச் சுற்றியே இவ்வழியின் எல்லாப் படிகளும் அமைந்துள்ளன. ஆதலின் அம்மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

சுரப்பியும் அதன் பணியும்

நம் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி அமர்ந்திருக்கின்றது. இதற்கு அட்ரீனல் சுரப்பி என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் எடையே உடையது. இதன் புறணி ஒரு வகை ஹார்மோன்களையும், உட்பகுதி வேறு வகை ஹார்மோன்களையும் சுரக்கின்றன. உட்பகுதி சுரப்பவை அட்ரீனலினும் நாரட்ரீனலினும் ஆகும்.

அச்சம், சினம், கடும் உழைப்பு முதலிய வேளைகளில் இவை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது; தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கின்றது; வியர்வை பெருகுகின்றது; இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது. பாம்பைக் கண்டு துள்ளி விலகுபவனுக்கு இவையெல்லாம் நன்மையே. ஆபத்து நீங்கியதும் சுரப்பும் தணிகின்றது.

கட்டியோ இவ்வாறு அடங்குவதில்லை. ஆபத்து ஏதுமின்றியே அது ஹார்மோனைக் கொட்டுகின்றது. இக்கட்டிக்கு மருத்துவர் இட்ட பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா என்பது. குரோமிய உப்புக்கள் பட்டதும் இதன் உயிரணுக்கள் பழுப்பேறிக் கருமை கொள்வதால், கருநிற உயிரணுக் கட்டி என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1912இல் லுட்விக் பிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பெயரை அமைத்தார். நாம் எளிமை கருதி அட்ரீனலின் கட்டி என்றே குறிப்போம். இது பெரும்பாலும் அட்ரீனல் சுரப்பியிலேயே தோன்றும். சிலரிடம் வயிறு, மார்பு, சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் உள்ள நரம்புத் திரளைகளிலும் தோன்றுவதுண்டு.

முதன்முதலாக 1886இல் ஃபிராங்கெல் என்பார் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் இந்நோயை விரித்தெழுதினார். 18 வயது நங்கை ஒருத்தி, திடீரெனத் தோன்றும் படபடப்பாலும் தலைவலியாலும் வருந்தி மாண்டாள். பின்னர் உடலை ஆராய்ந்தபோது இரு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டிகள் காணப்பட்டன. அன்று நோயை உயிருள்ளபோதே அறிய வழியில்லை. 1926இல் சுவிட்சர்லாந்தில் ரூ என்பவரும், 1927இல் அமெரிக்காவில் மேயோ என்பவரும் இத்தகைய கட்டியை அறுத்து நீக்கி நோயாளியைப் பிழைக்கவைத்தனர்.

ஐயத்துக்கு உரியோர் யாவர்?

இந்நோயின் தனி அடையாளம், அது அலைபோல் வந்து போவதாகும். நன்றாக இருந்தவர் திடீரெனத் தலை பிளப்பதுபோல் வலிப்பதாகக் கூறுவார், உடல் முழுதும் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும். அவ்வேளையில் இரத்த அழுத்தத்தை அளந்தால் மேல் அளவு 200 மி.மீ.க்கு மேலும் ஏறியிருக்கக் கூடும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ யாவும் தணிந்துவிடும். மருத்துவரிடம் செல்லும்போது ஒன்றும் காணப்படாது. எனவே, பயம், நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை என்று கூறி இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுதல் எளிது. பெண்கள் இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர்.

கீழ்க்காணும் குறிகளுள் ஒன்றேனும் இருப்பின் ஐயுறுதல் வேண்டும்.

1. தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றி மறைதல்.
2. சிறுவரிடமோ 30 வயதுக்கு உட்பட்ட இளைஞரிடமோ மிகுந்த இரத்த அழுத்தம் காணப்படுதல்.
3. மூன்று வகை மருந்துகளை ஒழுங்காக உண்டும் அழுத்தம் அடங்காமை.
4. மயக்க மருந்து கொடுக்கும்போதோ, அறுவையின்போதோ, மகப்பேற்றின்போதோ, புதிய மருந்து ஒன்றை உண்டபின்னோ அழுத்தம் திடீரென ஏறுதல்.
5. குனிதல், பாரம் தூக்குதல், வயிற்றை அழுத்துதல், சிறுநீர் கழித்தல் ஆகியவற்றால் இத்தாக்குதல் தூண்டப்படுதல்.
6. குடும்பத்தில் எவர்க்கேனும் இத்தகைய கட்டியோ, தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோயோ இருந்திருத்தல். அல்லது தோலில் பல இடங்களில் பால் கலந்த காப்பி நிறத் திட்டுக்கள் இருத்தல்.

படுத்திருக்கும்போது உயர்ந்திருக்கும் அழுத்தம் எழுந்து நின்றதும் சரிந்துவிடுதலும் ஒரு குறிப்பாகும்.

எல்லோரையும் ஏன் சோதிப்பதில்லை?

இரத்தக் கொதிப்புடையார் அனைவருக்கும் ஆய்வுக்கூடச் சோதனை செய்துவிடலாகாதா என்று கேட்கலாம். வகுப்பில் விழுக்காட்டுக் கணக்காகவே இதனை ஆசிரியர்கள் விளக்கலாம்.

இரத்த அழுத்த மிகுதியால் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வருவோர் 1000 பேரில் இக்கட்டி உடையோர் 2 முதல் 6 பேர் வரையே இருப்பர். 4 பேர் எனக் கொள்வோம். சோதனை ஒன்று அந்நால்வரையும் தவறாது காட்டிவிடுகின்றது. ஆனால் நோயற்றவர்களில் 100க்கு 10 பேரை நோயாளர் எனத் தவறாகக் காட்டுகின்றது எனவும் கொள்வோம். அப்பொழுது மீதமுள்ள 996 பேரில் ஏறத்தாழ 100 பேர் வீணே அச்சுறுத்தப்படுவர். மெய்யாகவே நோயுள்ள ஒருவரைக் காண, நோயில்லாத 25 பேரை அலைக்கழிக்க நேரும். இதற்கு மாறாக, மேற்கூறிய குறிகளைக் கொண்டு 50 பேரை முதலிலேயே தேர்ந்து, அந்நால்வரும் இவ்வைம்பதின்மருள் அடங்கியிருப்பின், தவறாகக் காட்டப்படுவோர் 5 பேருக்கு மேற்படார். சோதனை மாறவில்லை; அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்விகளே அதன் பயனை மாற்றிவிட்டன. ஆகவே இந்நோயை அறிதல் எந்திரத்திடமிருந்து தொடங்குவதில்லை; நோயாளியின் சொல்லைச் செவிமடுத்துக் கேட்பவரிடமிருந்தே தொடங்குகின்றது.

சாம்பலைக் கொண்டு நெருப்பை அறிதல்

அடுத்த படி ஆய்வுக்கூடம். அட்ரீனலின் இரத்தத்தில் மிகும் நேரம் சிறிது; அந்நேரத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தல் அரிது. ஆயின் கட்டியினுள் தேங்கியிருக்கும் ஹார்மோனின் ஒரு பகுதி எந்நேரமும் சிதைந்து மெட்டாநெஃப்ரின் என்னும் பொருளாக மாறிக் கசிந்துகொண்டே இருக்கின்றது. அடுப்பில் சுடர் எழுந்த வேளையை நாம் காணாவிடினும், குவிந்த சாம்பலைக் கண்டு நெருப்பு இருந்ததை அறிகின்றோம் அல்லவா? அதுபோல, மெட்டாநெஃப்ரினை அளந்து கட்டி உண்டா, இல்லையா என அறிகின்றனர். இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதியை 1950களில் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்சல்ராடு 1970இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

இச்சோதனையை இரத்தத்திலும் செய்யலாம். 24 மணி நேரச் சிறுநீரிலும் செய்யலாம். இரத்தத்தில் செய்வதாயின் நோயாளி 20 முதல் 30 நிமிடம் அமைதியாகப் படுத்திருந்த பின்னரே இரத்தம் எடுத்தல் நலம். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் விடையைப் பிறழச் செய்யும். எனவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. விடை இயல்பான அளவில் இருப்பின் கட்டி இல்லையென ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். சிறிது மிகுந்திருப்பின் மீண்டும் சோதிக்க வேண்டும். பல மடங்கு மிகுந்திருப்பின் கட்டியைத் தேடவேண்டும்.

24 மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பது சொல்வதற்கு எளிது. காலையில் கழிக்கும் முதற் சிறுநீரை நீக்கிவிட்டு, அதன்பின் மறுநாட்காலை முதற் சிறுநீர் உட்பட ஒரு சொட்டும் விடாமல் கலத்தில் சேர்க்கவேண்டும். ஆனால் தாராவி போன்ற இடத்தில் ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்து, தெருவின் பொதுக் கழிப்பறையையே நம்பியிருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எத்துணை இடர் தரும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருமுறை தவறினாலும் கணக்குப் பிழைபடும். களப்பணியாளர் கலத்தை எங்கு வைப்பது, எவ்வாறு மூடுவது, வேலைக்குச் செல்லாத நாள் எது என்பவற்றை முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துதருதல் வேண்டும். கலத்தில் ஆய்வுக்கூடத்தார் இட்டிருக்கும் அமிலத்தைக் கொட்டிக் கழுவிவிடலாகாது. அது கையில் படவும் கூடாது. இவ்வளவும் இயலாதெனின் அதனை வெளிப்படையாகக் கூறி, இரத்தச் சோதனைக்கு வழி கேட்பதே நன்று.

கட்டியின் இருப்பிடம் அறிதல்

ஹார்மோன் மிகுதி உறுதிப்பட்ட பின்னரே படம் எடுக்கும் படி வருகின்றது. இவ்வரிசையை மாற்றலாகாது. ஏனெனில் வேறு காரணத்துக்காக வயிற்றை சி.டி. படம் எடுக்கும் பெரியவர்களுள் 100க்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பேரிடம் அட்ரீனலில் ஏதேனும் சிறு முடிச்சுக் காணப்படுகின்றது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. படம் கட்டியைக் காட்டும். அது சுரக்கின்றதா என்பதைச் சோதனையே காட்டும். சுரப்பதாக ஐயமுள்ள கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது பேராபத்து. அது ஹார்மோனைப் பெருகச் செய்துவிடும்.

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களோடு, கட்டி வேறிடங்களிலும் உளதா என அறியக் கதிரியக்க முறையும் பயன்படுகின்றது. இங்கேதான் செம்பூருக்கு அப்பால் கடலோரத்தில் உள்ள டிராம்பே நமக்குத் துணைபுரிகின்றது. 1954இல் அங்குத் தொடங்கப்பெற்ற அணுசக்தி நிலையம் 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அங்கு 1956இல் அப்சரா, 1960இல் சைரஸ், 1985இல் துருவா என்னும் அணு உலைகள் இயங்கத் தொடங்கின. அப்பழைய அப்சராவும் சைரஸும் பணி முடித்து ஓய்ந்தன. துருவா போன்ற உலையில் டெல்லூரியம் என்னும் தனிமத்தை நியூட்ரான்களின் தாக்குதலுக்கு உட்படுத்தி, அயோடின்-131 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைப் பெறுகின்றனர். இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாட்கள்.

அயோடினை மட்டும் உட்செலுத்தினால் அது தைராய்டுச் சுரப்பியைத்தான் சென்றடையும். அட்ரீனலின் கட்டியை அடைய அதற்கு ஓர் ஊர்தி வேண்டும். நாரட்ரீனலினைப் போன்ற அமைப்புடைய எம்.ஐ.பி.ஜி. என்னும் பொருளே அவ்வூர்தி. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனை உருவாக்கினர். கட்டியின் உயிரணுக்கள் தமக்குரிய ஹார்மோன் என எண்ணி இதனை உள்ளிழுத்துக் கொள்கின்றன. உடன் சென்ற அயோடின் வெளிவிடும் காமாக் கதிர்களைக் கொண்டு காமாக் காமிரா கட்டியின் இடத்தைக் காட்டுகின்றது. பிரிந்து நிற்கும் அயோடின் தைராய்டைத் தாக்காதவாறு, சோதனைக்கு முன்னரே நோயாளிக்கு லூகால் கரைசல் போன்ற சாதாரண அயோடின் மருந்து தரப்படுகின்றது. நம் நாட்டில் அயோடின்-131 ஏற்றிய எம்.ஐ.பி.ஜி. மருந்தை அணுசக்தித் துறையின் பிரிவான கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் நவி மும்பையின் வாஷியிலிருந்து மருத்துவமனைகளுக்கு வழங்குகின்றது. இப்பொழுது காலியம்-68 என்னும், 68 நிமிட அரை ஆயுட்காலமுடைய ஐசோடோப்பைக் கொண்டு எடுக்கும் பெட் படமும் பெரிதும் பயன்படுகின்றது.

இத்தகைய சோதனைகளுக்கென, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963 முதல் பரேலில் இயங்கி வருகின்றது. அதே பரேலில் 1926இல் திறக்கப்பெற்ற கே.இ.எம். மருத்துவமனையும் உள்ளது. மாநகராட்சியின் இம்மருத்துவமனையில் உள்ள நாளமில்லாச் சுரப்பியியல் துறையினர் அட்ரீனலின் கட்டி உடையோர் பலரை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனையிலிருந்து, மாட்டுங்கா, தாதர் நிலையங்களைக் கடந்து பரேலை அடையலாம். உலையும், மருந்தும், காமிராவும், அறுவைக் கூடமும் ஒரே மாநகர்ப் பரப்பில் இருக்கின்றன. இருந்தும், முதற் கேள்வி கேட்கப்படாவிடின் இவற்றுள் ஒன்றும் நோயாளிக்குப் பயன்படாது.

அறுவைக்கு முன்

கட்டியைக் கண்டதும் அறுக்க விரைதல் தகாது. கட்டியைத் தொட்டாலே ஹார்மோன் பெருகும். எனவே 7 முதல் 14 நாட்கள் வரை, ஆல்ஃபா தடுப்பிகள் எனப்படும் மருந்துகளைக் கொடுத்துச் சுருங்கிய இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றனர். படபடப்பை அடக்கும் பீட்டா தடுப்பிகளை அதன் பின்னரே தரலாம். முதலில் தந்தால் குழாய்களை விரிக்கும் ஆற்றல் மட்டும் தடைப்பட்டு, சுருக்கும் ஆற்றல் எதிர்ப்பின்றி மேலோங்கி, அழுத்தம் இன்னும் ஏறும்.

மற்றொன்றையும் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். நெடுங்காலம் குழாய்கள் சுருங்கியே இருந்தமையால் இந்நோயாளரின் உடலில் இரத்தத்தின் அளவு குறைந்திருக்கும். கட்டி நீங்கியதும் அழுத்தம் திடீரென விழாதவாறு, அறுவைக்கு முன் உப்பையும் நீரையும் மிகுதியாக உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவர். கொதிப்புக்கு உப்பைக் குறைக்கவேண்டும் என்று நாம் எங்கும் கூறிவருவதற்கு இது மாறானது. எனினும் இந்நோயாளர்க்கு இதுவே முறை, அதனை மறுத்துரைக்கலாகாது.

பெரும்பாலான கட்டிகளைச் சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தி எடுத்துவிடுகின்றனர். சிலருக்குப் பின்னரும் ஓரளவு அழுத்தம் நீடிக்கலாம். சிலரிடம் கட்டி மீண்டும் தோன்றலாம். பிற உறுப்புக்களுக்குப் பரவவும் கூடும். ஆகவே ஆண்டுதோறும் சோதனை தேவை. இந்நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் பரம்பரையாக வரும் மரபணுப் பிறழ்வு காணப்படுகின்றது. எனவே உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் ஆராய்தல் வேண்டும். 1886இல் மாண்ட அந்நங்கையின் உறவினரிடம் ஆர்.இ.டி. என்னும் மரபணுவின் பிறழ்வு இருந்ததை 2007இல் அறிஞர்கள் கண்டறிந்து வெளியிட்டனர்.

மற்றொரு கட்டி

அட்ரீனலின் புறணியில் தோன்றும் கட்டியும் அழுத்தத்தை உயர்த்தும். அது சுரப்பது அல்டோஸ்டிரோன். இந்த ஹார்மோன் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகின்றது. இந்நோயில் திடீர்த் தாக்குதல் இல்லை. அடங்காத அழுத்தமும், சிலரிடம் தசைத் தளர்ச்சியும் காணப்படும். 1954இல் அமெரிக்காவின் ஜெரோம் கான் 34 வயதுப் பெண் ஒருத்தியிடம் இதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். இங்குக் கட்டி மட்டுமன்றி, இரு சுரப்பிகளும் பருத்தலும் காரணமாகலாம். முன்னையதற்கு அறுவையும் பின்னையதற்கு மருந்தும் ஏற்றவை.

அல்டோஸ்டிரோனுக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதத்தை இரத்தத்தில் அளந்து இதனை ஐயுறுகின்றனர். கொதிப்புடையார் 100 பேரில் 5 முதல் 10 பேரிடம் இந்நோய் இருப்பதால், கொதிப்புடையார் அனைவரையும் இதற்காகச் சோதிக்கலாம் என 2025இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் கழகத்தின் வழிகாட்டு நெறி பரிந்துரைத்தது. நாம் முன்னர்ப் போட்ட கணக்கே இதற்கும் விடை கூறும்: நோய் அரிதாயின் தேர்ந்து சோதிக்க, பரவலாயின் பலரையும் சோதிக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர் செய்யவேண்டியவை சிலவே. நோயாளியை 5 நிமிடம் அமரவைத்து, கைக்கேற்ற பட்டையைச் சுற்றி, இதய மட்டத்தில் கையை வைத்து அளக்க. பட்டை சிறிதாயின் அளவு பொய்யாக மிகும். தாக்குதல் வருவதாகக் கூறுவோரிடம் சிறு குறிப்பேடு ஒன்றைத் தந்து நாள், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, தோன்றிய துன்பம் ஆகியவற்றை எழுதிவரச் சொல்க. எழுத அறியாதார்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதித் தரலாம். தாக்குதலின்போதே அளக்க வாய்ப்பின் அளந்து, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் தனித்தனியே குறித்துக் கொள்க. வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டா. அக்குறிப்போடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புக. பல் பிடுங்கவோ, வேறு அறுவைக்கோ, மகப்பேற்றுக்கோ அவர்கள் செல்லுமுன் இந்த ஐயத்தை அங்குள்ள மருத்துவரிடம் கூறுமாறு அறிவுறுத்துக.

ஆசிரியர்களின் கண்ணும் இதற்குத் துணையாகும். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியாயினும், நெல்லைச் சீமையின் சிற்றூர்ப் பள்ளியாயினும், அடிக்கடி தலைவலி என்று கூறி, வெளுத்து வியர்த்து மேசைமேல் சாயும் மாணவனைச் சாக்குச் சொல்வதாகக் கருதிவிட வேண்டா. இத்தகைய பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குக் கண்பார்வைக் குறையோ, காலை உணவின்மையோ காரணமாயிருக்கும். ஆயினும் அவனது இரத்த அழுத்தத்தை ஒருமுறை அளக்கச் செய்தல் எளிது, செலவும் இல்லை. அளந்து மிகுந்திருப்பின், சிறுவனுக்கு ஏன் இக்கொதிப்பு என்ற கேள்வியை விடை கிடைக்கும்வரை விடாது கேட்பது அவன் பெற்றோரோடு ஆசிரியரின் கடமையும் ஆகும்.